டெனீஸ் சக்டன் தவறாகப் புகழ்ந்த குழு

பள்ளிக்கூடத்தில் மத்தியானச் சாப்பாடு பரிமாறுவது டெனீஸ் சக்டனின் வேலை. இருபத்தெட்டு வருடமாகக் கஸ்டர்டு ஊற்றுகிறாள். ஹாலிஃபாக்ஸில் முப்பத்தைந்து வயதுக்குக் கீழே இருப்பவர்களில் பாதிப் பேர் அவளைத் தெருவில் பார்த்தால் இன்றைக்கும் "மிஸ்" என்றுதான் கூப்பிடுகிறார்கள். அதில் ஒருவர் வங்கி மேலாளர். டெனீஸுக்கு வயது அறுபத்திரண்டு. கணவர் இருந்தார், எங்களுக்குப் பரம எதிரியான பக்கத்து மாவட்டம் லங்காஷயருக்குப் போய்விட்டார். எங்கள் யார்க்‌ஷயரில் இதற்கு மேல் விளக்கம் கேட்க மாட்டார்கள்.

கஸ்டர்டு நேரம் போக அவள் செய்யும் காரியம் ஒன்று உண்டு. யாருக்கும் பெயர் தெரியாத ராக் குழுக்களைக் கண்டுபிடித்து ஊருக்குச் சொல்வது. வெள்ளிக்கிழமை தோறும் ஒரு ரோஜா நிறத் தாள். கையெழுத்துதான், பெரிய எழுத்தில். ஒரு பிரதி நஸீரின் மீன் வறுவல் கடைக் கண்ணாடியில், ஒன்று காசு போட்டுத் துணி துவைக்கும் கடையில், ஒன்று மருத்துவரின் வரவேற்பறையில், ஃப்ளூ ஊசி அறிவிப்புக்குப் பக்கத்தில். மூன்றாவதை ஒட்டுகிறவள் நான். முப்பத்தொரு வருடம் வீடு வீடாகப் போய் நோயாளிகளைக் குளிப்பாட்டி உடுத்திவிட்ட வேலை எனக்கு. அங்கே என்னை யாரும் தடுப்பதில்லை.

பதினான்கு வருடமாக அவள் எழுதியதில் சில எனக்கு நினைவிருக்கின்றன.

"மூன்று பேர். ஒரு ஆம்ப்ளிஃபயர் புகைகிறது. அது நிகழ்ச்சியில் சேர்த்தியா, கோளாறா தெரியவில்லை. தெரிந்துகொள்ள நாளைக்கும் போகிறேன். நீங்களும் வாருங்கள்."

"இந்தக் கிடார்க்காரர் சரியான ஸ்வரத்தைத் தேடிக்கொண்டே இருக்கிறார். கிடைத்த இரண்டு தடவையும் என் முதுகு நிமிர்ந்தது. கிடைக்காத தடவைகளும் மோசமில்லை."

"இவர்களுடைய டிரம்ஸில் என் கடைவாய்ப் பல்லின் அடைப்பு கழன்று விழுந்தது. எனக்கு ஒரு குறையும் இல்லை."

அந்தப் பல் விஷயம் உண்மை. பல் மருத்துவரிடம் நான்தான் கூட்டிப்போனேன்.

அவளுக்கு நாலு விதி. கண்ணால் பார்க்காத குழுவைப் பற்றி எழுதமாட்டாள். பதிவு செய்த பாட்டைக் கேட்கமாட்டாள். குழுவிடம் ஒரு வார்த்தை பேசமாட்டாள். ஆட்களின் தோற்றத்தைப் பற்றி, ஆணா பெண்ணா என்றுகூட, எழுதமாட்டாள்.

"பேசினா பிடிச்சுப் போயிடும் பெரில்," என்பாள் என்னிடம். "பிடிச்சுப் போனா பொய் எழுதுவேன். மூஞ்சியைப் பத்தி எழுதினேன்னு வையி, மூஞ்சி பாக்கத்தான் வருவாங்க. காதைக் கொண்டு வரச் சொல்றேன் நான்."

நான் பக்கத்து வீடு. ஆறு வருடம் முன்பு கூட்டத்தில் யாரோ அவள்மேல் குதித்து அவளுக்கு மணிக்கட்டு பிசகியது. அன்றிலிருந்து நானும் கூடப் போகிறேன். காதில் அடைப்பான், கைப்பையில் கட்டுத்துணி. இசையைப் பற்றி எனக்கு அபிப்பிராயம் கிடையாது.

போகும் இடம் த்ரீ ஷட்டில்ஸ் என்ற பப்பின் மாடி. பதினேழு படி, கைப்பிடி ஒரு பக்கம் மட்டும். வியாழக்கிழமை தோறும் மூன்று குழுக்கள். ஏழரைக்கு முதல் குழு ஏறும். அப்போது ஊரே கீழே பீர் குடித்துக்கொண்டிருக்கும். ஒன்பதரைக்குப் பெயர்பெற்ற குழு ஏறும்போதுதான் மேலே வரும். முதல் குழு சுவருக்குப் பாடிவிட்டுப் போகும். டெனீஸ் பதினான்கு வருடமாகச் சண்டை போடுவது இந்தப் பழக்கத்தோடுதான். ஏழேகாலுக்கு முன்வரிசையில் நிற்பாள். அவள் தாளைப் படித்துவிட்டு, "மிஸ் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று பத்துப் பேர், இருபது பேர் அடுத்த முறை அந்தக் குழுவுக்காகச் சீக்கிரம் மாடி ஏறுவார்கள். பெயர் தெரியாத ஒரு குழுவுக்கு இந்த ஊரில் அந்தத் தாளை விட்டால் வேறு கதி இல்லை.

போன ஜனவரியில் டெனீஸுக்கு வலது முழங்கால் மாற்றினார்கள். ஐந்தாவது வாரம், கையில் தடியோடு, போயே தீருவேன் என்றாள்.

"ஒரு குழு. நாற்காலியில உக்காந்து. அப்புறம் வீடு, காலைத் தூக்கி வெச்சு ஐஸ் கட்டி," என்றேன்.

"மூணு குழு இருக்கு."

"முழங்கால் ஒண்ணுதான் இருக்கு."

கீழே கரும்பலகையில் அன்றைய வரிசை எழுதியிருந்தது. முதலில் வெட் ஸ்லேட்ஸ், இரண்டாவது டின் பாத். நான் அவளைப் படியேற்றி முன்னால் உட்காரவைத்தேன். மேலே மொத்தம் பதினொரு பேர், எங்களையும் சேர்த்து. முதல் குழு வந்தது. இரண்டு பெண்கள், பின்னால் டிரம்ஸ் வாசிப்பவர் ஒருவர். மூத்தவள் முதுகைக் காட்டிக்கொண்டு பெயரை முணுமுணுத்தாள். யார் காதிலும் விழவில்லை. பிறகு பாடினார்கள்.

நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எட்டு மணிக்கு மாத்திரை. திரும்பிப் பார்த்தால் டெனீஸ் கன்னத்தில் தண்ணீர்.

"வலிக்குதா?"

"வாயை மூடு பெரில்."

முதல் குழு முடிந்ததும் அவளைக் கிளப்பிக்கொண்டு வந்துவிட்டேன். முழங்கால் வீங்கியிருந்தது, நான் செய்தது சரி. ஆனால் அடுத்து நடந்த தப்பில் பாதி என்னுடையது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

மறுநாள் தாள் வந்தது. "வெட் ஸ்லேட்ஸ். பதினான்கு வருடமாக நான் எழுதிய எல்லாமே இதற்கு முன்னுரை என்று நினைத்துக்கொள்ளுங்கள். துணி துவைக்கும் கடையில் யாரோ ஒருவரின் காலுறை நம் துணியோடு வந்துவிடுவதைப் பற்றி ஒரு பாட்டு. அவ்வளவுதான் விஷயம். அதைக் கேட்டுவிட்டு நான் தொலைத்த ஆட்களை எல்லாம் நினைத்துக்கொண்டேன். எனக்கு நல்ல முழங்கால் இருந்திருந்தால் மண்டியிட்டிருப்பேன். மறுபடி எப்போது வந்தாலும் வேலையைப் போட்டுவிட்டு வாருங்கள். என் பேச்சை நம்பி வாருங்கள்."

அவள் அதுவரை "என் பேச்சை நம்பி" என்று எழுதியதே இல்லை. நஸீர் அதைப் படம் பிடித்துத் தன் வாடிக்கையாளர்களுக்கெல்லாம் கைப்பேசியில் அனுப்பினார். பப்பின் சொந்தக்காரி மோனிகா ஹோல்ராய்ட் அதே வாரம் வெட் ஸ்லேட்ஸைக் கூப்பிட்டு, மூன்று வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை, அவர்களையே முக்கியக் குழுவாகப் போட்டாள். நூற்று நாற்பது சீட்டும் ஆறு நாளில் தீர்ந்தது. இணையத்தில் அவர்களுடைய பதிவைத் தேடிக் கேட்ட இரண்டொருவர், "எழுதினதுக்கும் இதுக்கும் ஒட்டவே இல்லையே மிஸ்" என்றார்கள். "பதிவுன்னா அப்படித்தான்," என்று டெனீஸே சமாதானம் சொன்னாள்.

அந்தச் சனிக்கிழமைக்கு முந்திய திங்கள், சாயங்காலம் நாலரைக்கு, டெனீஸின் கதவைத் தட்டினார்கள். நான் அவள் முழங்காலை மடக்கி நீட்டிக்கொண்டிருந்தேன். தொண்ணூறு டிகிரி தாண்டியாகிவிட்டது. போய்த் திறந்தேன். ஒரு பையன், இருபத்தாறு வயதிருக்கும், கூரை வேய்கிறவர்களின் தார் படிந்த உடுப்பு, கையில் ஒரு பார்கின் கேக்.

உள்ளே வந்தவனை டெனீஸ் ஒரு பார்வை பார்த்தாள்.

"டெக்லன் அக்ராய்ட். பட்டாணியை ஜோப்புல போட்டுக்கிட்டு ஓடுறவன்."

"ஆமா மிஸ்." அவன் காது சிவந்தது. "மிஸ், நான் வெட் ஸ்லேட்ஸ்ல டிரம்ஸ்."

டெனீஸ் கையை உயர்த்தினாள். "குழுக்காரங்ககிட்ட நான் பேசறதில்லை. கேக்கை வெச்சுட்டுப் போ."

"பேச வேணாம் மிஸ், கேளுங்க போதும். அன்னிக்கு எங்க வேன் மேட்டுல பனியில நின்னு போச்சு. நாங்க வந்து சேர எட்டரை. அதனால டின் பாத் முதல்ல ஏறிட்டாங்க. நாங்க ரெண்டாவதா வாசிச்சோம். நீங்க அப்ப வீட்டுக்குப் போயிட்டீங்க."

மறுபடி மடக்கப் பிடித்திருந்த முழங்காலை நான் மெதுவாகக் கீழே வைத்தேன்.

"பலகையில உங்க பேருதானே முதல்ல இருந்துச்சு," என்றாள் டெனீஸ்.

"மோனிகா அழிக்க மறந்துட்டாங்க. மிஸ், எங்களுக்குத் துணி துவைக்கிற பாட்டே கிடையாது. நாங்க லீட்ஸ் ஊரைத் திட்டிக் கத்துவோம். அவ்ளோதான். நாலு பாட்டும் லீட்ஸ்தான்."

"மூணு வாரம் ஏன்டா சொல்லல?"

"மத்த மூணு பேரும் விடுடான்னாங்க. யாரோ வயசானவங்க, குழம்பிட்டாங்கன்னு... மன்னிச்சுக்குங்க மிஸ். எனக்குத் தூக்கம் வரல. கூரை மேல நிக்குற வேலை மிஸ், தூங்காம நிக்க முடியாது."

மாடியில் இருந்த மற்றவர்களுக்கு இது தெரியாதா என்று கேட்கலாம். ஒலி பார்க்கும் லென் தாள் படிக்கிற ஆளில்லை. அவருக்குக் குழுக்களின் பெயர் முதல் கும்பல், இரண்டாம் கும்பல், கடைசிக் கும்பல். மோனிகா கீழே பீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். மிச்சமிருந்தவர்கள் கடைசிக் குழுவின் சிநேகிதர்கள், பிராட்ஃபோர்டுக்காரர்கள். தாளிலோ ஆணா பெண்ணா என்றுகூட இல்லை. அவளுடைய விதிகளே அவளை மாட்டிவிட்டன.

டெக்லன் போனதும் டெனீஸ் பார்கினில் ஒரு துண்டு வெட்டித் தின்றாள். கவலை வந்தால் அவள் அழமாட்டாள், தின்பாள்.

"நூத்து நாப்பது பேர் பெரில். என் பேச்சை நம்பி. மேல வந்து லீட்ஸைத் திட்டறதைக் கேக்கப் போறாங்க. இனிமே பேரு தெரியாத ஒரு குழுவுக்காக இந்த ஊர்ல ஒருத்தன் படி ஏறுவானா?"

ஏறமாட்டான் என்று எனக்கும் தோன்றியது. தோன்றியதைச் சொன்னேன்.

தடியை எடுத்துக்கொண்டு மோனிகாவிடம் போனோம். அவள் விஷயத்தைக் கேட்டுவிட்டு முதலில் பலகையைத் திட்டினாள், பிறகு பனியை, பிறகு வழி சொன்னாள்.

"இதுக்கு ஏன் இவ்ளோ முகத்தைத் தொங்கப் போடற? டின் பாத்தையும் கூப்பிட்டுச் சனிக்கிழமை கடைசியா ஏத்திடறேன். யாரும் எதுவும் சொல்லாதீங்க. வந்தவங்க துணி துவைக்கிற பாட்டைக் கேட்டுட்டு நீ சொன்னது சரின்னு போயிடுவாங்க. யாருக்குத் தெரியப் போகுது, எவ எந்தக் குழுன்னு?"

எனக்கு அது நல்ல யோசனையாகப் பட்டது.

"எனக்குத் தெரியும்," என்றாள் டெனீஸ். "தப்புன்னு எழுதி ஒட்டப் போறேன்."

"ஒட்டினா சீட்டைத் திருப்பிக் குடுப்பாங்கடி! அப்புறம் மாடியில பிங்கோதான் நடத்துவேன், சொல்லிட்டேன். பிங்கோக்காரங்க ஆறு மணிக்கே வந்து ஒழுங்கா உக்காருவாங்க."

"நடத்திக்க. ஒரு தாள் பொய்யின்னா மத்த எல்லாத் தாளும் பொய்யி. அந்தப் பொண்ணுங்க நம்பரைக் குடு."

பீர் குவளை வைக்கும் அட்டையின் பின்னால் நம்பர் எழுதியிருந்தது. மூத்தவள் பெயர் ரோவீனா, தங்கை மார்னி, ஊர் ஸ்கார்பரோ. டெனீஸ் தன் வாழ்நாளில் முதல் தடவையாகத் தானே ஒரு குழுவைக் கூப்பிட்டுப் பேச உட்கார்ந்தாள். நான் கைப்பேசியில் ஒலியைக் கூட்டி மேசைமேல் வைத்தேன்.

"ரோவீனாவா? நான் டெனீஸ் சக்டன், ஹாலிஃபாக்ஸ்ல இருந்து."

"காஸ் கம்பெனி விளம்பரமா? மாத்துற எண்ணம் இல்லைங்க."

"காஸ் இல்லம்மா. உங்க பாட்டைப் பத்தி. நான் கேட்டதுலயே..."

"எங்கம்மா பேசச் சொன்னாங்களா?"

"உங்கம்மாவை எனக்குத் தெரியாதே."

"போன மாசமும் ஒருத்தங்க போன் பண்ணி ஆஹா ஓஹோன்னாங்க. விசாரிச்சா அம்மாவோட தையல் வகுப்புச் சிநேகிதி." அவள் பெருமூச்சு விட்டது எங்களுக்கு நன்றாகக் கேட்டது. "நாங்க விட்டுட்டோங்க. ஹாலிஃபாக்ஸ்தான் கடைசி. பதினோரு பேரு. அதுல ஒரு பாட்டி முழு நேரமும் வாட்சையே பாத்துக்கிட்டிருந்தாங்க. மார்னி அன்னிக்கே சொல்லிட்டா, போதும்னு."

டெனீஸ் என்னைப் பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

"அது பாட்டி இல்ல, என் பக்கத்து வீட்டு பெரில். என் மாத்திரைக்கு நேரம் பாத்தா. ராஜாவுக்கு முடிசூட்டினதை டிவியில காட்டினப்பகூட அவ வாட்சைத்தான் பாத்தா. நான் பக்கத்து நாற்காலி. இங்க கேளு கண்ணு. மூணாவது பாட்டுக்கு முன்னாடி உன் தங்கச்சி 'மன்னிச்சுக்குங்க, ஈரக் காத்து'ன்னு சொல்லிட்டு தந்தியை முறுக்கினா. காலுறைப் பாட்டுல கடைசி அடி வர்றப்ப உன் மைக் செத்துப் போச்சு. நீ நிறுத்தல. மைக்கைத் தள்ளி வெச்சுட்டு வெறும் தொண்டையில பாடின. அப்ப உன் தங்கச்சி வாசிக்கறதைக் குறைச்சா, உன் குரல் கேக்கணும்னு. அதை எந்த அம்மாவோட சிநேகிதிகிட்டயும் யாரும் சொல்லிக் குடுத்திருக்க முடியாது."

மறுமுனையில் தூரத்தில், "மார்னி! ஏ மார்னி, இங்க வா!"

டெனீஸ் நடந்த தப்பை ஒளிக்காமல் சொன்னாள். ரோவீனா சிரித்தாளா அழுதாளா என்று தெரியாத ஒரு சத்தம் போட்டாள். "அப்ப எங்களைப் புகழ்ந்த புகழ்ச்சி வேற யாருக்கோ போச்சா? எங்க குடும்ப ராசிங்க அது." பிறகு, "ஆனா மார்னி பேஸ் கிடாரை விக்க ஆள் பாத்துட்டா. ஞாயித்துக்கிழமை வந்து எடுத்துக்கிட்டுப் போறாரு."

"அப்ப சனிக்கிழமை கையில இருக்கும்ல?" என்றாள் டெனீஸ்.

செவ்வாய்க்கிழமை காலையில், வெள்ளி வரை காத்திராமல், தாள் ஒட்டியாகிவிட்டது.

"நான் தப்பாக எழுதினேன். நான் கேட்டு மண்டியிட நினைத்த குழு டின் பாத். வெட் ஸ்லேட்ஸை நான் கேட்டதே இல்லை. பலகையைப் பார்த்து எழுதினேன், யாரையும் விசாரிக்கவில்லை. சனிக்கிழமை இரண்டு குழுவும் வருகின்றன. தப்பை வெட் ஸ்லேட்ஸ்காரரே வந்து சொன்னார். நல்ல குணம். நல்ல குணம் இருந்தால் நல்ல பாட்டு வரும் என்று சொல்ல முடியாது. சனிக்கிழமை கேட்டுவிட்டுச் சொல்கிறேன். சீட்டு வேண்டாதவர்கள் மோனிகாவிடம் திருப்பித் தரலாம். அவள் முறைப்பாள். பொருட்படுத்த வேண்டாம்."

அந்த வாரம் டெனீஸ் பட்ட பாட்டை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். பள்ளிக்கூடத்தில் ஏழு வயதுக் குழந்தை தட்டை நீட்டிக்கொண்டு, "மிஸ், இது காரட்டுதானா? நல்லா விசாரிச்சீங்களா?" என்றதாம். மீன் வறுவல் கடையில் நஸீர் பொட்டலத்தைக் கையில் கொடுத்துவிட்டு, "பிரிச்சுப் பாத்துட்டுப் போங்க டெனீஸ். மீன்னு பலகையில போட்டிருக்கு, நான் பொறுப்பில்ல," என்றார். பேருந்து ஓட்டுநர் அவள் ஏறியதும் ஒலிபெருக்கியில், "இது ஹட்டர்ஸ்ஃபீல்டு போற பஸ். மிஸ் சக்டனுக்காக இன்னொரு தடவை சொல்றேன், ஹட்டர்ஸ்ஃபீல்டு," என்றார். பேருந்தே சிரித்தது. டெனீஸும் சிரித்தாள். வீட்டுக்கு வந்து பார்கினில் மிச்சமிருந்ததைத் தீர்த்தாள்.

பதினாறு பேர் சீட்டைத் திருப்பினார்கள். மோனிகா பதினாறு பேரையும் முறைத்தாள்.

சனிக்கிழமை ஏழு மணிக்கு நாங்கள் போனபோது படியில் ஏற முடியவில்லை. கூட்டம். முதல் குழு ஏற அரைமணி இருக்கிறது. கீழே மோனிகா காலி மேசைகளுக்கு நடுவில் துணியோடு நிற்கிறாள்.

"எல்லாரும் மேல போயிட்டாங்க! ஒருத்தனும் கீழ குடிக்க மாட்டேங்கிறான். என்னடி பண்ணின நீ?"

"நான் என்ன பண்ணினேன்?"

படியில் நின்ற நஸீர் திரும்பிச் சொன்னார். "நீங்க சொன்னதை வெச்சு யாரு எவருன்னு தெரிஞ்சுக்க முடியாதுன்னு ஆயிடுச்சு இல்ல? அதான் நாங்களே முதல்ல இருந்து நின்னு பாத்துடலாம்னு. தள்ளுங்கப்பா, மிஸ்ஸுக்கு முழங்கால்!"

வழி விட்டார்கள். கைப்பிடிப் பக்கமாகத்தான் ஏற்றினேன்.

முதலில் வெட் ஸ்லேட்ஸ். டெக்லனும் மற்ற மூன்று கூரைக்காரர்களும் நூற்றிருபது பேரை விட்டுவிட்டு டெனீஸ் ஒருத்தியைப் பார்த்தே வாசித்தார்கள். அவள் கையைக் கட்டிக்கொண்டு, பட்டாணி மிச்சம் வைத்த தட்டைப் பார்க்கிற முகத்தோடு நின்றாள். லீட்ஸைத் திட்டும்போது கூட்டம் நன்றாகக் கத்தியது. பக்கத்துப் பெரிய ஊர் அது, அதைத் திட்ட எங்கள் ஊரில் எப்போதும் ஆள் உண்டு. டெக்லன் ஒரு குச்சியை உடைத்தான், உடைந்த குச்சியாலேயே முடித்தான். டெனீஸ் எதையோ தாளில் குறித்துக்கொண்டாள். காட்டு என்றேன், காட்டவில்லை.

பிறகு சகோதரிகள் வந்தார்கள். ரோவீனா மறுபடியும் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். தங்கை அவள் தோளைப் பிடித்துத் திருப்பிவிட்டாள். திரும்பி அத்தனை பேரைப் பார்த்ததும் ரோவீனா, "இவ்ளோ பேரா? எங்கம்மா வேலையா இது?" என்றாள், மைக்கிலேயே. கூட்டம் சிரித்தது. பாட ஆரம்பித்தார்கள்.

பாட்டு எப்படி என்று என்னைக் கேட்காதீர்கள். நான் கண்டதைச் சொல்கிறேன். நூற்றிருபதுக்கு மேல் ஆட்கள், பாதிப் பேர் ஐம்பது தாண்டியவர்கள், கையில் பீர். நாற்பது நிமிடம் ஒருவர்கூடக் கழிப்பறைக்குப் போகவில்லை. முப்பத்தொரு வருட அனுபவத்தில் சொல்கிறேன், இது லேசில் நடக்காது. காலுறைப் பாட்டின்போது லென் ஒலிப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டுச் சும்மா நின்றார். நான் அன்றைக்குக் கடிகாரத்தைக் கழற்றிப் பையில் போட்டிருந்தேன், யாரும் குறை சொல்லக் கூடாது என்று. டெனீஸுக்கு மாத்திரை இருபது நிமிடம் தாமதமானது.

முடிந்ததும் டெனீஸ் தடியை இறுகப் பிடித்துக்கொண்டாள். பிறகு கூட்டம் எழுப்பிய சத்தத்தில் கீழே மோனிகா ஏதோ விழுந்துவிட்டது என்று நினைத்து மேலே ஓடி வந்தாள்.

நஸீர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு டெனீஸிடம் வந்தார். "இவங்கதானே? இந்தத் தடவை சரியான ஆளுங்கதானே?"

"இவங்கதான்."

"அப்ப எழுதினது சரிதான். பேருதான் தப்பு." கொஞ்சம் யோசித்தார். "சரி, அடுத்தது யாரு?"

வெள்ளிக்கிழமைத் தாளில் வெட் ஸ்லேட்ஸுக்கு மூன்று வரி கிடைத்தது: "டிரம்ஸ் இருக்கிறது. கோபம் இருக்கிறது. பாட்டு இன்னும் வரவில்லை; லீட்ஸை விட்டுவிட்டு வேறு எதையாவது யோசித்து, ஒரு வருடம் கழித்து வாருங்கள், நான் முன்வரிசையில் இருப்பேன்." அதை அவர்கள் வேனின் பின்கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு சுற்றுகிறார்கள். மார்னியின் பேஸ் கிடாரை வாங்க வந்தவருக்கு ஸ்கார்பரோவில் தேநீரும் மன்னிப்பும் கொடுத்து அனுப்பினார்களாம்.

அதே தாளில் புதிதாக ஒரு குழுவும் இருந்தது. ராச்டேல்காரர்கள், லங்காஷயர், அதையும் மீறிப் புகழ்ந்திருந்தாள். அவர்கள் மறுபடி வந்த வியாழக்கிழமை ஏழேகாலுக்கு நாங்கள் மாடிக்குப் போனோம். அறுபத்து மூன்று பேர் நின்றார்கள். முதல் குழுவுக்கு அறுபத்து மூன்று பேரை அந்த மாடி கண்டதில்லை. மூன்று ராச்டேல்காரர்களும் ஏறி, தலையைக் குனிந்துகொண்டு, வாய்க்குள் ஏதோ சொல்லிவிட்டுக் கிடாரில் கை வைத்தார்கள்.

"நிறுத்துங்க!" என்று நஸீர் பின்னாலிருந்து கத்தினார். "தம்பி, பேரை உரக்கச் சொல்லுங்க!"

"பேரு! பேரு! பேரு!" என்று அறுபத்து மூன்று பேரும் காலால் தரையைத் தட்டினார்கள். பாவம், பாடுகிறவன் மிரண்டு போய்ப் பெயரைச் சொன்னான். போதவில்லை. எழுத்துக் கூட்டிச் சொல்லச் சொன்னார்கள். சொன்னான். டெனீஸ் முன்வரிசையில் நின்றுகொண்டு பென்சிலால் எழுதினாள், எழுதியதைத் திருப்பி அவனிடம் காட்டினாள். அவன் எட்டிப் பார்த்து, சரி என்று தலையாட்டினான்.

"இப்ப வாசிங்க," என்றாள் டெனீஸ்.